ஏழு கல் மெட்டியும் நடை அக்காவும்

பணியாளர் எண் 19. பணி: பெட்டி அடைப்பவர், நிலை இரண்டு. வேலையின் தன்மை: அமர்ந்து செய்வது. நடமாட்டம்: தேவையில்லை. நகைகளை அணிந்து பார்த்தல்: அனுமதி இல்லை. வாடிக்கையாளருடன் பேசுதல்: அவசியமில்லை. தனித்திறன்: ஏதுமில்லை.

மெட்டிப் பட்டறையின் பணியாளர் பதிவேட்டில் நடை அக்காவைப் பற்றி இவ்வளவுதான் எழுதியிருந்தது. இதில் பத்தொன்பது என்ற எண்ணை மட்டும் யாரும் குறை சொல்ல முடியாது. மற்றதெல்லாம் வேறு யாரோ ஒருவரைப் பற்றியது. அப்படி ஒருவர் அந்தக் கட்டடத்தில் எந்தக் காலத்திலும் வேலை பார்த்ததில்லை.

நடை அக்கா காலை எட்டு மணிக்குச் செருப்பை வாசலில் விடுவாள். அன்றைக்குப் பெட்டிக்குள் போக வேண்டிய மெட்டிகளில் ஒரு ஜோடியை எடுத்து இரண்டு கால்களிலும் இரண்டாம் விரலில் போட்டுக்கொள்வாள். பிறகு நடக்கத் தொடங்குவாள். பட்டறை இரண்டாம் மாடியில் இருந்தது. அதன் நடைபாதை ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு அறுபத்து நாலு அடி, அதாவது அவளுடைய அடி. கல் பதிக்கும் அறைக்கு முன்னால் சிமெண்ட் தரை, பாலிஷ் அறைக்கு முன்னால் வழுக்கும் டைல்ஸ், அலுவலக அறைக்கு முன்னால் மரப்பலகை. படிக்கட்டு ஓரத்தில் ஒரு கயிற்று மிதியடி கிடந்தது. அதை அவளே வீட்டிலிருந்து கொண்டுவந்து போட்டிருந்தாள். உலகத்தில் மெட்டி போட்ட கால்கள் எந்தெந்தத் தரையில் நடக்குமோ, அத்தனையும் அந்த அறுபத்து நாலு அடிக்குள் அடங்கிவிட்டதாக அவள் எண்ணம். பாதி நாள் வெறுங்காலோடு நடப்பாள், பாதி நாள் சாக்ஸ் போட்டுக்கொண்டு. மாலையில் மெட்டியைக் கழற்றி, ஒரு பள்ளிக்கூட நோட்டில் இரண்டு சொல் எழுதுவாள். வீட்டுக்குப் போகும்போது காலில் ஒன்றும் இருக்காது.

இது எப்படி ஆரம்பித்தது என்றால், பதினாலு வருஷத்துக்கு முன்னால் அவள் உண்மையிலேயே பெட்டி அடைக்கத்தான் வந்தாள். அதற்கு முன்பு ஒன்பது வருஷம் பேருந்து நிலையத்தில் டிக்கெட் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்தாள். ஊரில் பாதிப் பேரை எங்கெங்கோ அனுப்பி வைத்துவிட்டு, தான் மட்டும் ஒரே நாற்காலியில் இடுப்பு பிடித்துப்போய்க் கிடந்தாள். பட்டறையிலும் நாற்காலிதான் என்று தெரிந்ததும் அவள் முகம் சுண்டிப்போனது. முதல் வாரத்திலேயே ஒரு பெட்டி திரும்பி வந்தது. உள்ளே ஒரு கடிதம்: ‘உங்கள் மெட்டி இதுவரை என்னுடைய மூன்று ஜோடி சாக்ஸைத் தின்றுவிட்டது.’ அவள் அந்த மெட்டியைப் போட்டுக்கொண்டு தண்ணீர்ப் பானை வரை போய்த் திரும்பினாள். விரலைத் தூக்கிப் பார்த்தாள். கல்லைப் பிடிக்கும் குட்டி நகங்களில் ஒன்று, பானைக்கு அடியில் விரித்திருந்த சாக்கின் நூலைக் கவ்விக்கொண்டிருந்தது. நூலைப் பிய்த்துக் கொண்டுபோய்க் கல் பதிக்கிறவரின் மேசையில் வைத்தாள்.

“என்னம்மா இது?”

“உங்க கல்லு சாப்பிட்டது போக மிச்சம்.”

கல் பதிக்கிறவரை எல்லோரும் இடுக்கி அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். இடுக்கி அவர் கையில் இல்லாமல் யாரும் பார்த்ததில்லை. காது குடைவதற்குக்கூட அதைத்தான் எடுப்பார். அன்று அவர் நூலை இடுக்கியால் தூக்கி, லென்ஸ் வைத்துப் பார்த்து, மனமே இல்லாமல் ஒப்புக்கொண்டார். முதலாளி சிரித்துவிட்டு, “அப்போ நடந்தே பாரும்மா” என்றார். அதுதான் நியமன உத்தரவு. யாரும் அதை எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்காத உத்தரவுகள்தான் அந்தப் பட்டறையில் ஒழுங்காக நடந்தன.

அவளுடைய நோட்டில் மொத்தமே ஐந்து தீர்ப்புகள்தான் உண்டு. கடிக்குது என்றால் கல் பக்கத்து விரலைப் பதம் பார்க்கிறது. கிள்ளுது என்றால் படியேறும்போது அடிப்பக்கம் சதையைப் பிடிக்கிறது. முறைக்குது என்றால் கல் உயரமாக நின்று துணியை இழுக்கிறது. சுத்துது என்றால் கல் இருக்க வேண்டிய பக்கம் தரைக்குப் போய்விடுகிறது. ஐந்தாவது, தூங்குது. மெட்டி விரலில் இருப்பதே தெரியவில்லை என்று பொருள். இதுதான் உச்சப் பாராட்டு. பதினாலு வருஷத்தில் ஒன்பது முறைதான் எழுதியிருந்தாள். இடுக்கி அண்ணன் மாலையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து நோட்டைப் புரட்டுவார். மறுநாள் காலையில், “என் கல்லு உன்னை முறைக்குதா? நான் முறைச்சா நீ தாங்க மாட்டே” என்று கத்துவார். கத்திவிட்டு அந்தக் கல்லைத் தாழ்த்தி வைப்பார்.

வீட்டில் அவள் கணவர் ஒரு லிஃப்ட்காரர். எட்டு மாடி அலுவலகம் ஒன்றில் லிஃப்ட் ஓட்டுகிறார். அவர் நாள் முழுவதும் பயணம் செய்வார், ஓர் அடி எடுத்து வைக்க மாட்டார். அவள் நாள் முழுவதும் நடப்பாள், எங்கேயும் போய்ச் சேர மாட்டாள். மாலையில் இருவரும் ஒரே மாதிரி அலுத்துக்கொண்டு வந்து, யார் அதிக தூரம் போனது என்று சண்டை பிடிப்பார்கள். இதுவரை முடிவு ஆகவில்லை.

முதலாளிக்கு வயதாகி, பட்டறை அவருடைய மருமகன் கைக்கு வந்தது. அவரை மாப்பிள்ளை சார் என்பார்கள். நல்ல படிப்பு, நல்ல மனசு. இரண்டும் ஒரே நேரத்தில் வேலை செய்யாது. வந்த முதல் மாதம் பதிவேட்டையும் ஆட்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார். பத்தொன்பதில் வந்து நின்றார்.

“நீங்க பெட்டி அடைக்கிறவங்கதானே?”

“தாள்ல அப்படித்தான் சார்.”

“அப்போ ஏன் நடக்கறீங்க?”

“உட்கார்ந்தா மெட்டி ஒண்ணும் சொல்லாது சார்.”

மாப்பிள்ளை சார் நிதானமாகவே விளக்கினார். தாளை மாற்ற வேண்டுமென்றால் அரசாங்கப் பணிப் பட்டியலில் ‘நடப்பவர்’ என்று ஒரு வேலை இருக்க வேண்டும். அவர் பட்டியலை இரண்டு முறை படித்துவிட்டார், இல்லை. ஆகவே மாற வேண்டியது அவள்தான். அடுத்த தெருவில் பட்டறைக்கு ஒரு டப்பா கிடங்கு இருந்தது. மடித்துப் போட்ட அட்டைகள் வரும், அவற்றைப் பெட்டியாக்கி அடுக்க வேண்டும். ஒரு மேசை, கை வைத்த ஒரு நாற்காலி. அங்கே கடைசியாக இருந்த அம்மாள் ஓய்வு பெற்றபோது, நாற்காலியும் கூடவே எழுந்து வந்ததாகப் பேச்சு.

“முதல் தடவையா வெள்ளைத் தங்கம் பண்றோம். அந்த ஆர்டர் நல்லபடியா முடியட்டும், அப்புறம் உங்களைப் பத்தி யோசிக்கிறேன்” என்றார். “நடுவுல ஏதாவது கோளாறு பண்ணீங்கன்னா, மறுநாளே கிடங்கு.”

இதை அவர் எல்லார் காதிலும் விழும்படி சொன்னார். சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதில் அவருக்கு ஒரு பெருமை உண்டு. அதனால் நடை அக்காவுக்கு அன்றிரவு சரியாகத் தூக்கம் வரவில்லை. அந்தக் கை வைத்த நாற்காலி கண்ணுக்குள் வந்து வந்து நின்றது.

வெள்ளைத் தங்க மெட்டியை வரைந்தது மாப்பிள்ளை சார்தான். மெல்லிய வளையம், மேலே ஒரே வரிசையில் ஏழு கல். கற்கள் போலி வைரம். விலைப்பட்டியலில் அந்தச் சொல் வரக்கூடாது என்று அவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்ததால், பட்டறைக்குள் எல்லோரும் அதை மட்டுமே சொன்னார்கள். வெள்ளைத் தங்கமும் ஒன்றும் பிறவி வெள்ளை இல்லை. தங்கத்தோடு வேறு உலோகங்களைக் கலந்து மஞ்சளைக் குறைத்து, குறையாத மஞ்சளை ரோடியம் முலாமால் மூடுவார்கள். தங்கம் தங்கமாகத் தெரியக்கூடாது, கண்ணாடிக்குச் சித்தப்பா மகன் போன்ற ஒரு கல் வைரமாகத் தெரிய வேண்டும். இந்த இரண்டுக்கும் அந்தப் பட்டறையில் மூன்று மாதம் உழைத்தார்கள்.

தகராறு வளையத்தில்தான். “மெட்டின்னா கீழே வாய் திறந்திருக்கணும் சார்” என்றார் இடுக்கி அண்ணன். “அப்போதான் விரலுக்குத் தக்கபடி விரிக்கலாம்.”

“அது வெள்ளிக்குண்ணே. இது விறைப்பு. நாலு தடவை விரிச்சு மூடினா விரிசல் விடும்.”

இரண்டு பேர் சொன்னதும் சரி. அதுதான் தொல்லை. கடைசியில் வாய் மூடிய வளையமே செய்தார்கள். அளவு பார்க்க அலுவலகத்தில் ஒரு மரப்பாதம் இருந்தது. மாப்பிள்ளை சார் அதன் இரண்டாம் விரலில் மெட்டியைப் போட்டார், எடுத்தார், போட்டார், எடுத்தார். வெண்ணெய் போல் போய் வந்தது. மரப்பாதத்துக்கு விரல் நுனி உருண்டையாக இருக்காது, பொழுது ஏற ஏற வீங்காது, அதற்கு வியர்க்காது என்பதெல்லாம் அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

மாதிரி ஜோடி புதன்கிழமை காலையில் தயாரானது. வாங்க வருகிற மேடம் வியாழக்கிழமை வருவதாக ஏற்பாடு. அவருக்கு மூன்று ஊர்களில் கடை. பிடித்தால் எழுநூறு ஜோடி. நடை அக்கா வழக்கம்போல எட்டு மணிக்கு இரண்டு விரல்களிலும் மாதிரியைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள். காலையில் இருப்பது ஒரு கால், மாலையில் இருப்பது இன்னொரு கால், இரண்டிலும் பார்த்தால்தான் மெட்டியைப் பார்த்ததாக அர்த்தம் என்பது அவள் சட்டம். அந்தச் சட்டத்தினால்தான் வினை வந்தது.

பதினொன்றரைக்கு அலுவலக அறையிலிருந்து மாப்பிள்ளை சார் ஓடி வந்தார். “மேடம் இன்னைக்கே வர்றாங்களாம். ஒரு மணிக்கு. கழட்டிக் கொடுங்க, துடைச்சுப் பெட்டியில வைக்கணும்.”

இடது கால் மெட்டி கொஞ்சம் முரண்டு பிடித்து, சோப்பு போட்டதும் வந்தது. வலது கால் மெட்டி வரவில்லை.

சோப்பு போட்டார்கள். எண்ணெய் போட்டார்கள். காலை ஐஸ் தண்ணீரில் வைத்தார்கள். பாலிஷ் போடும் பெண், தங்கைக்கு மோதிரம் மாட்டிக்கொண்டபோது இப்படித்தான் எடுத்தோம் என்று விரலைச் சுற்றி நூல் கட்டி இழுத்தாள். அதில் நூல் மட்டும் வந்தது. நடை அக்கா தரையில் படுத்துக் காலைச் சுவரில் தூக்கி வைத்துக்கொண்டு பத்து நிமிஷம் கிடந்தாள். நடைபாதையில் அவள் நகராமல் இருந்ததை அன்றுதான் முதல் முறை பார்க்கிறார்கள்.

இடுக்கி அண்ணன் குறடோடு வந்து உட்கார்ந்தார். “ஒரே வெட்டு. முடிஞ்சுது.”

“வெட்டக் கூடாது!” என்றார் மாப்பிள்ளை சார். “மாதிரியே இந்த ஒரு ஜோடிதான்.”

“வேற எதை சார் வெட்டறது?”

மாப்பிள்ளை சார் அந்த விரலையே பார்த்தார். நடை அக்கா காலை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

பன்னிரண்டே முக்காலுக்கு அவருக்கு ஒரு யோசனை வந்தது. அலுவலக அறையில் நல்ல நாற்காலி ஒன்றைப் போட்டு அவளை உட்கார வைத்தார். முன்னால் ஒரு முக்காலி, அதன் மேல் கறுப்பு வெல்வெட், வெல்வெட்டின் மேல் அவள் வலது கால். பக்கத்தில் திறந்த பெட்டியில் இடது கால் மெட்டி.

“நீங்க மாடல்” என்றார். “நடக்கக் கூடாது, பேசக் கூடாது, அசையக் கூடாது. ஒரு வார்த்தை வாயைத் திறந்தீங்க, நாளைக்குக் கிடங்குதான். புரியுதா?”

அவள் தலையை ஆட்டினாள். பதிவேட்டில் எழுதியபடி அமர்ந்து செய்யும் வேலையை அவள் அந்தப் பட்டறையில் ஒழுங்காகச் செய்தது அந்த அரை மணி நேரம்தான்.

மேடம் வந்தார். கனத்த உடம்பு, குறைந்த பேச்சு. வந்ததும் வராததுமாக ஷூவையும் சாக்ஸையும் கழற்றி ஓரமாக வைத்தார். “காலையிலேர்ந்து ரயில். காலு ரெண்டும் தலகாணி மாதிரி ஆயிடுச்சு” என்றார். வெல்வெட்டின் மேலிருந்த காலைக் குனிந்து பார்த்தார்.

“இவங்க யாரு?”

“எங்க மாடல் மேடம்.”

“மாடலுக்குக் குதிகால் இப்படியா வெடிச்சிருக்கும்?”

“இயற்கையா இருக்கட்டும்னுதான் மேடம்.”

கதவுக்கு வெளியே பாலிஷ் அறைப் பக்கம் யாரோ இருமினார்கள். மேடம் நடை அக்காவைப் பார்த்துக் கேட்டார்: “எப்படிம்மா இருக்கு போட்டுக்க?”

நடை அக்கா மாப்பிள்ளை சாரைப் பார்த்தாள். மேடத்தைப் பார்த்தாள். புன்னகைத்தாள்.

“பேச மாட்டாங்களா?”

“கூச்ச சுபாவம் மேடம்” என்றார் மாப்பிள்ளை சார். இந்த முறை இருமியவர் இடுக்கி அண்ணன்.

மேடம் பெட்டியிலிருந்த மெட்டியை எடுத்து ஜன்னல் பக்கம் பிடித்தார். ஏழு கல்லும் பளிச்சென்று சிரித்தன. “அழகா இருக்கு. எழுநூறுன்னு பேசினோம் இல்லை? போட்டுக்கோங்க எழுநூறு” என்று சொல்லிக்கொண்டே, யாரும் எதிர்பாராமல் நாற்காலியில் சாய்ந்து காலைத் தூக்கி, அதைத் தன் இரண்டாம் விரலில் நுழைக்கத் தொடங்கினார்.

தலையணை போல் வீங்கிய கால். நகத்தைத் தாண்டியது. விரல் நுனியின் உருண்டைக்கு வந்தது. மேடம் பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினார்.

நடை அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் ஒரு நெல் அளவு போனால் அது உள்ளே போய்விடும், பிறகு வராது. இந்தப் பக்கம் ஒரு விரல், அந்தப் பக்கம் ஒரு நாற்காலி. மாப்பிள்ளை சாரின் கண்கள் அவளைப் பேசாதே பேசாதே என்று கெஞ்சின. அவருக்கும் அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும், ஆனால் அவருக்கு எழுநூறு அப்போதுதான் காதில் விழுந்திருந்தது.

“போடாதீங்க மேடம்!” என்றாள் நடை அக்கா. “கழறாது.”

மேடத்தின் கை நின்றது. “என்னது?”

“உள்ள போனா வராது. இதோ, இது பதினொன்றரையிலிருந்து வரலை.” வெல்வெட்டிலிருந்து காலை இறக்கினாள். “நான் மாடல் இல்லை மேடம். பெட்டி அடைக்கிறவங்கன்னு தாள்ல இருக்கும். மெட்டியைப் போட்டு நடந்து பார்க்கிறதுதான் என் வேலை.”

மேடம் மெட்டியை வந்த வழியே, மெல்ல, திருகித் திருகி வெளியே எடுத்தார். தோல் சிவந்திருந்தது.

“கல்லு எப்படி?” என்றார் மேடம். குரல் மாறவில்லை.

“கல்லுக்கு ஒரு குறையும் கிடையாது மேடம். எட்டு மணியிலிருந்து நாலு தரையிலயும் நடந்தேன். ஒரு நகம்கூடத் துணியைப் பிடிக்கலை. எங்க இடுக்கி அண்ணன் கை அது.”

வெளியே இருமல் நின்றுவிட்டது.

“வெள்ளை நிக்குமா?”

“மேல நிக்கும். அடியில, தரை படற இடத்துல, ஆறு மாசத்துல மஞ்சள் எட்டிப் பார்க்கும். மறுபடி முலாம் போட்டுத் தரணும்.”

“அப்போ தங்கம் வெள்ளை இல்லை, வைரம் வைரம் இல்லை, போட்டா கழறாது. வேற ஏதாவது இருக்கா?”

“விலைதான் மேடம். அது எனக்குத் தெரியாது.”

மேடம் சாக்ஸை மாட்டிக்கொண்டே மாப்பிள்ளை சாரைப் பார்த்தார். “எழுநூறு பொம்பளைங்க என் கடை வாசல்ல காலைத் தூக்கிட்டு நின்னிருப்பாங்க. இப்போ எனக்கு வேண்டாம். கழறுற மாதிரி செய்யுங்க. நல்லா நடந்து பார்த்து அனுப்புங்க, அப்புறம் பார்க்கலாம்.” அவ்வளவுதான். கீழே இறங்கிப் போய்விட்டார்.

மாப்பிள்ளை சார் மரப்பாதத்தை எடுத்துச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார். பிறகு, “நாளையிலேர்ந்து கிடங்கு” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எல்லார் முன்னாலும் சொல்லியாகிவிட்டதே என்கிற மாதிரி சொன்னார்.

சாயங்காலம் வரையிலும் மெட்டி வரவில்லை. “கம்பெனி மெட்டியோட எப்படி வீட்டுக்குப் போவீங்க?” என்று கேட்டார்.

“காலை இங்கேயே விட்டுட்டுப் போகட்டுமா சார்?”

கடைசியில் அவர் ஒரு சீட்டு எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்: ‘வெள்ளைத் தங்க மெட்டி ஒன்று, கல் ஏழு, பணியாளரின் விரலுடன்.’

வீட்டில் லிஃப்ட்காரர் அந்தக் காலை மடியில் வைத்து விளக்கின் பக்கம் திருப்பிப் பார்த்தார். “இருபது வருஷமா எட்டு மாடி ஏறி இறங்கறேன், ஒரு குந்துமணி தங்கம் வீட்டுக்குக் கொண்டாந்ததில்லை. நீ ஒரே நாள்ல காலாலேயே கொண்டாந்துட்டே.”

“நாளைக்குத் திருப்பிக் கொடுக்கணுங்க.”

“விரலையும் சேர்த்தா?”

அவள் சிரித்தாள், பிறகு கிடங்கைப் பற்றிச் சொன்னாள். அவர் சிரிப்பை நிறுத்தினார். “சும்மா இருந்திருக்கலாமே நீ.”

“அந்தம்மா விரல்ல பாதி தூரம் போயிடுச்சுங்க.”

லிஃப்ட்காரர் அவள் காலை மடியிலிருந்து மெல்ல இறக்கி வைத்தார். “ஆமா” என்றார். “கதவு மூடறப்போ எவனாவது கையை நீட்டினா, அவன் யாருன்னு பார்த்துட்டா நான் பொத்தானை அமுக்கறேன்?”

விடியற்காலையில் அவள் எழுந்து காலை உதறியபோது மெட்டி தானாகக் கழன்று தரையில் உருண்டது. இரவெல்லாம் நீட்டிக் கிடந்து மெலிந்த கால். அவள் அதைச் சோப்புப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள், சீட்டைத் திருப்பி வாங்கிக் கிழித்தாள், கிடங்குக்குப் போனாள்.

எட்டு நாள் உட்கார்ந்தாள். அட்டையை மடித்தாள், அடுக்கினாள். மூன்றாம் நாளே இடுப்பு பழைய டிக்கெட் கூண்டை நினைவுபடுத்தியது. பட்டறையிலோ இடுக்கி அண்ணன் புதுமாதிரி ஒன்று செய்திருந்தார். வளையத்தின் வாயைத் திறந்து, ஒரு முனை மற்றதன் மேல் ஏறி நிற்கும்படி வைத்தார். விறைப்புதான் இந்த உலோகத்தின் குணம் என்றால் அந்த விறைப்பையே வேலை வாங்குவோம் என்றார். விரலுக்குத் தக்கபடி அது தானே கொஞ்சம் விலகும், தானே திரும்பி வரும். நன்றாகத்தான் இருந்தது. நடந்து பார்க்கத்தான் ஆளில்லை.

“நடக்கறதுக்கு என்ன படிப்பா வேணும்?” என்று மாப்பிள்ளை சார் பாலிஷ் போடும் பெண்ணை நடக்கச் சொன்னார். அவள் நடந்துவிட்டு, “நல்லா இருக்கு சார்” என்றாள். எங்கே நல்லா இருக்கு என்று கேட்டதற்கு, எல்லா இடத்துலயும் என்றாள். இன்னொருவர் நடந்து, நல்லாத்தான் இருக்கு, ஆனா என்னவோ மாதிரி இருக்கு என்றார். ஏழாம் நாள் மாப்பிள்ளை சார் அலுவலகக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டார். பலகைத் தரையில் அவர் குறுக்கும் நெடுக்குமாக நடக்கிற சத்தம் இடுக்கி அண்ணனுக்குக் கேட்டது. சாவித் துவாரம் வழியாகப் பார்க்கவில்லை என்று அவர் இன்றுவரை சாதிக்கிறார். ஆனால் கால்சட்டை முழங்கால் வரை சுருட்டியிருந்ததை அவர்தான் எல்லாரிடமும் சொன்னார்.

ஒன்பதாம் நாள் கிடங்கு வாசலில் மாப்பிள்ளை சார் வந்து நின்றார். ஷூவோடுதான் வந்திருந்தார், ஆனால் நடை சரியில்லை.

“அக்கா” என்றார். அதுவரை அவர் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. “இது கடிக்குதா, கிள்ளுதா?”

“எங்க சார்?”

“எங்கேன்னு தெரிஞ்சா நான் ஏன் இவ்வளவு தூரம் வர்றேன்?”

அவர் ஒரு பெட்டிக் கட்டின் மேல் உட்கார்ந்து ஷூவையும் சாக்ஸையும் கழற்றினார். இரண்டாம் விரலில் ஏழு கல். நடை அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு அவரை நாலு அடி நடக்கச் சொன்னாள், திரும்பி வரச் சொன்னாள்.

“கடிக்கலை. கிள்ளவும் இல்லை. சுத்துது. உங்களுக்கு விரல் ஒல்லி சார். எடுங்க, நான் போட்டுப் பார்க்கறேன்.”

புது மெட்டி அவர் விரலிலிருந்து ஓசையில்லாமல் வந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள். பெரிய விஷயம் முடிந்துவிட்டது என்று இருவருக்கும் புரிந்தது.

“பதிவேட்டை மாத்த முடியலை அக்கா” என்றார் எழுந்துகொண்டே. “பட்டியல்ல இன்னமும் அந்த வேலை இல்லை.”

“அது பாட்டுக்கு இருக்கட்டும் சார்.” கை வைத்த நாற்காலியை மேசைக்கு அடியில் தள்ளிவிட்டு அவள் கிளம்பினாள்.

அன்று முழுவதும் நடந்தாள். மறுநாள் சாக்ஸோடு நடந்தாள். மாலையில் போட்டதைக் காலையில் கழற்றினாள், காலையில் போட்டதை மாலையில் கழற்றினாள். ஒவ்வொரு முறையும் அது வந்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் நோட்டில் ஒரே ஒரு சொல் எழுதினாள்: தூங்குது. இடுக்கி அண்ணன் யாரும் இல்லாத நேரம் பார்த்து அதைப் படித்தார். மறுநாள் காலையில் அவர் கத்தவில்லை. பட்டறையில் எல்லோரும் உடம்பு சரியில்லையா என்று அவரை விசாரித்தார்கள்.

மேடம் எழுநூறு ஜோடி எடுத்துக்கொண்டார். ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.

பதிவேடு இன்னும் அப்படியேதான் இருக்கிறது. அதற்குப் பிறகும் எட்டு வருஷம், ஆக பணியாளர் எண் 19 பட்டறையில் இருந்தது மொத்தம் இருபத்திரண்டு வருஷம். அதில் பெட்டி அடைத்தது தொடக்கத்தில் ஒரு வாரம், நடுவில் எட்டு நாள். மீதிக் காலமெல்லாம் மற்றவர்கள் போட்டுக்கொள்ளப் போகும் மெட்டிகளைத் தன் காலில் போட்டுக்கொண்டு நடந்தாள். கடித்தால் கடிக்கிறது என்று சொன்னாள்.